குளக்கரையில் நட்ட குச்சிகள்

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். நம் பள்ளிக்கூடத்து பியூன் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்: "அண்ணாச்சி, ரெத்தினசாமி சார் காலையில போய்ட்டாவ." கையிலிருந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். செத்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். அவரோடு வேலை பார்த்த உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அவர் விஞ்ஞான வாத்தியார், நான் தமிழ் வாத்தியார். ஒரே வயது, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சித்திரையில் ஒரு மழை விழுந்தால் போதும், மறுநாள் கடைசி மணி அடித்ததும், "எந்திரியும்வே, கச்சேரிக்கு நேரமாச்சு" என்பார். உப்பளத்தைத் தாண்டிப் பனங்காட்டுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர்க் குளத்துக்கு நடப்போம். அந்தக் குளத்தை அவருக்குக் காட்டியவன் நான்தான்.

பொழுது சாயும்போது தவளைகள் ஆரம்பிக்கும். முதல் நாள் எனக்கு வெறும் இரைச்சல். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "கூப்பிடுறது பூரா ஆம்பளைதான்வே. பொம்பளை வாயே திறக்காது. நம்ம வீட்டுக்கு நேர் எதிர்" என்றார். சிரித்துப் புரையேறிவிட்டது எனக்கு. நாலைந்து மழைக்குள் எந்த மூலையில் எது கூப்பிடுகிறது என்று எனக்கும் பிடிபட்டது.

சத்தம் வந்த இடத்திலெல்லாம் குச்சி நட வேண்டும் என்பது அவர் யோசனை. "அடுத்த மழைக்கும் அதே இடத்துக்குத்தான் வரும். நீரு வேணும்னா பாரும்." இருட்டிலும் தெரிவதற்காக என் பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு குச்சியிலும் கட்டி, நானே நட்டேன். என்ன உற்சாகம் அன்றைக்கு!

அடுத்த மழைக்கு அவர் வரவில்லை. தலைவலி என்றார். தனியாகப் போனேன். கரை நெடுகப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். ஆட்கள் என் வேட்டித் துணியைப் பார்த்துப் பார்த்துத் தவளைகளைப் பிடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தவளைக் காலை மட்டும் வெட்டி, ஐஸில் வைத்து, வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடக் கப்பலில் அனுப்புவார்களாம். "குச்சி இருக்கிற எடமா பாத்துப் புடிங்கன்னு சாருதான் சொன்னாவ" என்றார் ஒருவர்.

மறுநாள் ஆசிரியர் அறையில் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "தம்பிக்கு ஐஸ் கம்பெனியில வேலை கேட்டேன். தவளை கெடைக்கிற எடம் தெரியுமான்னு கேட்டாங்க. தவளைதானவே?"

"என் கையால நட வச்சீரே, பாவி!" என்றேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது. மூன்று வருஷம் பக்கத்து நாற்காலியில் ஊமையாக உட்கார்ந்திருந்தோம். என்ன சண்டை என்று நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். இதுதான் சண்டை. அந்தக் குளம் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே இல்லை.

அடக்கத்துக்குப் போனேன். முகத்தைப் பார்த்தபோது அழுகை வந்தது, கோபமும் போகவில்லை. இரண்டு நாள் கழித்து மழை பெய்தது. கால் தானாக வேறொரு குளக்கரைக்குப் போயிற்று. வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு ஒன்று கூப்பிட்டது. "கிழக்கு மடை, ஒத்தை ஆம்பளை" என்று என் வாய் சொல்லிற்று. அவர் பழக்கிய காது. அது ஒன்றுதான் அவருடையதாக என்னிடம் மிச்சம்.

குச்சி நடவில்லை. எந்தக் குளம் என்று யாரும் கேட்காதீர்கள். உங்களிடமும் சொல்ல மாட்டேன்.