ஒரு துணி குறையுது, சார்

என் தங்கை மகன், டாக்டர், எனக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தான். பிரிவுத் தலைவனாவதற்கான பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டியவன் நான். நானோ மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஆள்தான். ஆனால் எச்சில் தட்டு கழுவிய அதே ஆஸ்பத்திரி கேண்டீனை இன்று குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். என்னைப்போல் முன்னுக்கு வந்தவனைக் காட்டுங்கள், பார்க்கலாம்!

வகுப்பு முடித்தவனை அறுவை சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவனாக்கினார்கள். "எல்லாம் என் காசு" என்று டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

கூட்ட அறைக்கு வெள்ளையடித்ததால் டாக்டர்களின் அந்த வாரக் கூட்டம் கேண்டீனில் நடந்தது. மருமகனின் பிரிவில் ஓர் அம்மாவின் வயிற்றுக்குள் ரத்தம் ஒற்றும் துணியை விட்டுத் தைத்துவிட்டார்களாம். மறுபடி திறந்து எடுத்திருக்கிறார்கள். தைக்குமுன் துணிகளை எண்ணுவது அவர்கள் வழக்கம். யார் எண்ணியது என்று ஆஸ்பத்திரித் தலைமை டாக்டர் கேட்டார்.

"இவங்கதான்," என்று பயிற்சி டாக்டர் பெண்ணைக் காட்டினான் மருமகன்.

"அப்ப நாளையிலேர்ந்து வர வேண்டாம்," என்றார் தலைமை டாக்டர் அவளிடம்.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது.

நான் டீத் தட்டோடு நடுவே புகுந்தேன். "எம் மருமகன் எப்படி கறாரா பேசுறான் பாத்தீங்களா! என் காசுல கத்துக்கிட்டது. மாப்ளே, முதல் பாடம் என்னன்னு சொன்னே? தப்பு நடந்தா தலைவன்தான் முதல்ல ஏத்துக்கணும்னுதானே?"

பெருமைக்குத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவன் முகம் செத்துப்போயிருந்தது. தன் தப்பை அவள்மேல் தள்ளியிருக்கிறான் என்று விளங்கியதும் தட்டை மேசையில் வைத்தேன். இவனை நினைத்தா இத்தனை நாள் தம்பட்டம் அடித்தேன்?

அவன் மெல்ல எழுந்தான். "ஒரு துணி குறையுது, சார்னு இவங்க ரெண்டு தடவை சொன்னாங்க. சும்மா இருன்னு அதட்டிட்டு நான்தான் தைச்சேன்."

பெண்ணின் வேலை தப்பியது. அவன் பதவி போனது.

சம்பளத்தன்று அவளையும் அழைத்துக்கொண்டு வந்தான். எனக்குத் தர வேண்டிய கடன் பணத்தை அவளிடம் நீட்டினான்.

"நீங்க எண்ணிக் கொடுங்கம்மா."

எண்ணியவள் தயங்கினாள். "ஒரு தாள் குறையுது, சார்."

"விடும்மா, ஒரு தாளால நான் ஏழையாயிடுவேனா?" என்றேன்.

"இல்ல மாமா. குறையுதுன்னு சொன்னா நிறுத்தணும்."

என்னை நிமிர்ந்து பார்க்காமலே சட்டைப்பையைத் துழாவித் தாளை எடுத்துக் கொடுத்தான். அவள் முதலிலிருந்து எண்ணி, ஒவ்வொன்றாக என் விரித்த உள்ளங்கையில் வைத்தாள்.