புகைக் குழாய்மேல் திருஷ்டிப் பானை

எங்கள் வீட்டுக்கு கேஸ் வந்து வருஷம் பல ஆகிறது. ஆனாலும் ஆடிக் கூழை விறகில் காய்ச்ச வேண்டும் என்று எனக்கு ஆசை. என் வீட்டுக்காரர் இருந்தவரை சவுக்கு மிளாறு ஒடித்துக்கொண்டு வந்து போடுவார். அந்தப் புகை வாசனை கூழில் இருக்கும்.

மகன் பின்னறையில் அடுப்பு கட்டி, மாடிக்கு மேலே போகும்படி புகைக் குழாயும் வைத்துக் கொடுத்தான். "ஊட்டுக்குள்ள புகை வந்துச்சு, இடிச்சிடுவேம்மா" என்றும் சொன்னான்.

புதுக் குழாய் தெருவுக்கே தெரிந்தது. கண் பட்டுவிடுமே என்று மாடி ஏறி, புள்ளி வைத்த திருஷ்டிப் பானையை அதன்மேல் கவிழ்த்தேன். மறுநாள் காலை, கேஸ் இருந்தும் விறகு ஊதுவதை யாரும் பார்க்க வேண்டாமென்று கதவைச் சாத்திக்கொண்டு பற்ற வைத்தேன். போக வழியில்லாத புகை திரும்பி வந்தது. கதவு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

தேர்வாய் கண்டிகை கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த மருமகள்தான் என்னை வெளியே இழுத்தாள். மாடிக்கு ஓடி, பானையோடு இறங்கினாள்.

"இன்னா அத்தே இது? குழாய்க்குத் தொப்பி போட்டுட்டு உள்ள குந்திக்கினு கீற?"

அழுகையோடு சிரிப்பும் வந்தது. "அவன் இடிச்சிடுவாம்மா" என்றேன்.

அவள் பானையை முருங்கை மரத்தில் கட்டினாள். கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு, கூழ் வேகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் மகன், "புகை வந்துச்சா?" என்று கேட்டான்.

"வந்துச்சு, கூழ்ல. பேசாம குடி" என்றாள் மருமகள்.

என் வீட்டுக்காரர் போனபின் அந்த வாசனை தெரிந்தவர் யாருமில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது கதவைத் திறந்துவைத்துத்தான் அடுப்பு மூட்டுகிறேன்.