ஆள் உள்ளே இருக்கும்போது

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ‘ரயில்’ என்று பேர் வைத்தவர் அவரோடு ஜோடியாக வேலை பார்க்கும் சைரன். சைரன் என்பதும் பட்டப்பெயர்தான். அந்த மனிதர் ரகசியம் பேசினால் மூன்று மாடிக்குக் கேட்கும். ரயில் என்றால் நேரத்துக்கு வருகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். போகிற இடமெல்லாம் புகை விட்டுக்கொண்டே போகிறவர் என்று அர்த்தம். இப்போது புகை நின்றுவிட்டது, பேர் நிற்கவில்லை. பட்டப்பெயர் அவ்வளவு சீக்கிரம் விடுமா என்ன?

புகையை நிறுத்தியது தான் இல்லை, சிகரெட்டை மறக்கக் கொடுத்த மாத்திரைதான் என்று அவருக்கு ஒரு எண்ணம். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் மனைவி தொடக்கப் பள்ளி டீச்சர். ஆஸ்துமாக்காரர். வகுப்பில் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது, நரி கிணற்றுக்குள் விழப்போகிற இடத்தில் மூச்சு முட்டிவிடும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பார்கள். டீச்சர் இன்ஹேலரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அப்புறம் நரியைத் தள்ளிவிடுவார்.

மெக்கானிக் இதற்கு முன் இரண்டு தடவை சிகரெட்டை விட்டவர். இரண்டு தடவையும் கள்ளத்தனமாகப் பிடித்து மாட்டிக்கொண்டவர். இரண்டாவது தடவை குளியலறை ஜன்னலில் தலையை நீட்டி ஊதினார். காற்று அத்தனை புகையையும் திருப்பி வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து விட்டது. அன்று உதடு நீலமாகிப்போன டீச்சரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ‘இன்னொரு தடவை இப்படி வந்தால் எங்கள் கையில் எதுவும் இல்லை’ என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கண் விழித்த டீச்சர் சொன்னது வேறு. “நீங்க குடிச்சதக்கூட விட்டுடறேன். குடிக்கலன்னு என் மூஞ்சியப் பார்த்துச் சொன்னீங்க பாருங்க, அத மட்டும் விட முடியல.”

அதற்குப் பிறகுதான் கிளினிக், மாத்திரை எல்லாம். சும்மா சொல்லக் கூடாது, மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. சைரன் பக்கத்தில் நின்று ஊதினாலும் மெக்கானிக்குக்கு நாக்கு ஊறவில்லை. ஆனால் வயிற்றைப் புரட்டியது, ராத்திரியில் கன்னாபின்னாவென்று கனவு வந்தது. கம்பெனி சூப்பர்வைசர் தன் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு தாலாட்டுப் பாடச் சொல்வதாக ஒரு கனவு. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கிளினிக் நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கனவு வரும், பயப்படாதீங்க. ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க. கோர்ஸ் முடியட்டும், பேசி முடிவு பண்ணலாம். சில பேருக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. எப்ப நிறுத்தினாலும் வீட்ல சொல்லிட்டு நிறுத்துங்க” என்றார்.

மெக்கானிக் தலையை ஆட்டினார். தலையாட்ட என்ன செலவா ஆகிறது? அவர் மண்டைக்குள் வேறு கணக்கு ஓடியது. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது எல்லா லிஃப்டும் ஒழுங்காகத்தான் நிற்கும். ஆய்வு முடிந்து அவர் தெருமுனை தாண்டினதும்தான் கோளாறு காட்டும். அதுபோல மாத்திரை உள்ளே இருந்து, மனைவி பார்த்துக்கொண்டும் இருந்தால், நிற்பது தானா, மாத்திரையா, பயமா என்று எப்படித் தெரியும்? மின்சாரத்தைத் துண்டித்தால்தான் பிரேக் பிடிக்கிறதா என்று தெரியும். தொழிலில் அப்படித்தான். யாருக்கும் தெரியாமல் துண்டித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினார்.

மறுநாள் காலையில் டீச்சர் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினார். மாத்திரையை விரல் இடுக்கில் ஒளித்துக்கொண்டு வெறும் தண்ணீரைக் குடித்தார் மெக்கானிக்.

“போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

மாத்திரையைத் தூக்கி எறியவும் மனசு வரவில்லை. கழற்றிய பாகத்தை எந்த மெக்கானிக்கும் எறிய மாட்டான். கருவிப் பையில் ஃபியூஸ் போட்டு வைக்கும் தகர டப்பாவுக்குள் போட்டார். முன்பு சிகரெட்டை ஒளித்து வைத்த அதே டப்பா! அப்போதாவது அந்த மனிதருக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ‘இவ்வளவுதானா’ என்று மனசுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டார். அப்புறம் ஆரம்பித்தது. டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தால் மண்டையில் வைத்த மாதிரி இருந்தது. கை எதையாவது பிடித்துக்கொள்ளத் துடித்தது. “மூஞ்சி ஏன் கடுகடுன்னு இருக்கு?” என்று டீச்சர் கேட்டால் “தூக்கம் சரியில்ல” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டினார்.

வாரக் கடைசியில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் பிரேக் சோதனை. அன்று கட்டடத்துக்கு விடுமுறை. காலி லிஃப்டை மேலிருந்து கீழே ஓடவிட்டு, பாதியில் மின்சாரத்தை வெட்ட வேண்டும். பிரேக் கவ்விப் பிடிக்க வேண்டும். மெக்கானிக் மொட்டைமாடி மோட்டார் அறையில் இருந்தார். சைரன் ஒவ்வொரு மாடியாகப் போய், யாரும் ஏறாதபடி அறிவிப்புப் பலகை வைத்துவிட்டு, கீழே இருந்து கத்த வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது பிரேக்கை சோதிக்கக் கூடாது என்பது மெக்கானிக்குக்கு வேதவாக்கு. வேலையில் மட்டுமா, வீட்டில் சாப்பிடும்போதுகூட அதைச் சொல்லி டீச்சரின் உயிரை வாங்குவார். மற்ற நாளாக இருந்தால் சைரன் சொன்னாலும் நம்பாமல், தானே ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு வருவார்.

அன்று பார்க்கவில்லை. உடம்பு பரபரவென்றிருந்தது, எப்படா முடியும் என்றிருந்தது.

“காலி! ஓட்டு!” என்று கீழேயிருந்து சைரன் அலறினார்.

மெக்கானிக் லிஃப்டை ஓடவிட்டார். சக்கரம் சுழன்றது, கயிறு இறங்கியது. கை சுவிட்சுக்குப் போனது. அப்போது கயிறு இறங்கும் ஓட்டை வழியாக ஒரு இருமல் கேட்டது. லிஃப்டுக்குள்ளிருந்து.

அவர் கை சுவிட்சின் மேலேயே அப்படியே நின்றது. வெட்டவும் பயம், கையை எடுக்கவும் பயம். லிஃப்ட் தானாகக் கீழே போய்ச் சேர்ந்து, கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை அவர் மூச்சே விடவில்லை.

இறங்கி ஓடினார். விடுமுறையிலும் தரை துடைக்க வந்திருந்த அம்மா, வாளியோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்து, “என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார். கடைசி மாடியான நாலாவது மாடியில் பலகை வைக்க சைரன் மறந்துபோயிருந்தார்.

“ஆள் உள்ள இருக்காய்யா! பாக்காம எப்பிடிய்யா காலின்னு சொல்லுவே?” மெக்கானிக் கத்தினார்.

சைரனுக்கு முதல் தடவையாகக் குரலே எழும்பவில்லை. “தப்புத்தான் ரயிலு. தப்புத்தான்” என்று முணுமுணுத்தபடி, அவருக்கும் உதறல் எடுத்திருந்ததால், பழக்கதோஷத்தில் சிகரெட் பாக்கெட்டை நீட்டினார்.

மெக்கானிக்கின் கை போனது. அவர் அனுப்பவில்லை, அதுவாகப் போய் ஒன்றை உருவிக்கொண்டது. உதடு வரைக்கும் கொண்டுபோனார். சைரன் தீக்குச்சியை உரசினார். நெருப்பைப் பார்த்ததும் மெக்கானிக் தலையைத் திருப்பிக்கொண்டார். “அப்பறமாப் பாத்துக்கறேன்” என்று சிகரெட்டை டப்பாவுக்குள் போட்டு மூடினார். போட்டாரே தவிர எறியவில்லை, கவனியுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளிக்கப் போனார். டீச்சரின் மூக்குக் கண்ணாடியில் திருகாணி கழன்றுவிட்டது. சின்ன ஸ்குரூடிரைவர் தேடி மெக்கானிக்கின் கருவிப் பையைத் திறந்தார். டப்பா கண்ணில் பட்டது. அந்த டப்பாவைப் பார்த்த பிறகு அவர் ஸ்குரூடிரைவரைத் தேடவில்லை.

மெக்கானிக் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தபோது மேஜை மேல் டப்பா திறந்து கிடந்தது. ஒரு சிகரெட், சுற்றிலும் மாத்திரைகள். டீச்சர் ஒற்றைக் கம்புக் கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எத்தனை நாளா?”

“நான் குடிக்கல.”

“போன தடவையும் இதேதான் சொன்னீங்க. இதே எடத்துல நின்னு.”

“சத்தியமா குடிக்கல. மோந்து பாரு.”

“நான் எதுக்கு மோந்து பாக்கணும்? நான் என்ன போலீஸ் நாயா?” டீச்சருக்கு மூச்சு இரைத்தது. “மாத்திரைய ஏன் போடல? போட்டாச்சான்னு கேட்டேன். போட்டாச்சுன்னீங்க. தினமும்!”

“சோதிச்சுப் பாத்தேம்மா. மாத்திரை இல்லாம நிக்கிறேனான்னு. உங்கிட்ட சொன்னா நீ பாத்துக்கிட்டே இருப்ப. அப்பறம் நானா நிக்கிறேனா, உனக்குப் பயந்து நிக்கிறேனான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

டீச்சர் இன்ஹேலரை எடுத்து இழுத்தார். அது உள்ளே இறங்குவதற்காகக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார்.

“ஆள் உள்ள இருக்கும்போது பிரேக்க சோதிக்கக் கூடாதுன்னு சோறு திங்கும்போதெல்லாம் சொல்வீங்களே” என்றார் டீச்சர். குரல் உயரவே இல்லை. “உள்ள நான்தானே இருக்கேன்?”

மெக்கானிக் பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். காலையில் நடந்தது டீச்சருக்குத் தெரியாது. தெரியாமலே அதே இடத்தில் அடித்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். இருமலை, சுவிட்சை, கை தானாகப் போனதை, உதடு வரை போனதை, எதையும் விடவில்லை. அழுகையும் வந்தது, அதையும் மறைக்கவில்லை.

கேட்டு முடித்த டீச்சர், “நேராச் சொல்லுங்க. இப்ப பிரேக் பிடிக்குமா, பிடிக்காதா?” என்றார்.

‘பிடிக்கும்’ என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறார். அது நாக்கு நுனியில் தயாராக நின்றது.

“பிடிக்காது” என்றார். “இன்னும் பிடிக்காது.”

மறுநாள் இரண்டு பேருமாகக் கிளினிக்குக்குப் போனார்கள். நர்ஸ் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, டாக்டரிடம் பேசி மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து வைத்தார். கோர்ஸ் நாளும் நீண்டது. மெக்கானிக் தினமும் மாத்திரையை முழுங்கிவிட்டு, கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார். “போதும், மூடுங்க. டாக்டர் கிட்டகூட இவ்வளவு காட்ட மாட்டீங்க” என்பார் டீச்சர். சூப்பர்வைசர் கனவில் வருவதையும் சொல்லிவிட்டார். டீச்சர் சிரித்துச் சிரித்தே மூச்சு வாங்கினார்.

பள்ளிக்கூட விடுமுறை நெருங்கிய ஒரு நாள் சைரன் மறந்துபோய்ப் பாக்கெட்டை நீட்டினார். மெக்கானிக் அவர் கையைத் தள்ளிவிட்டு, “அந்த எண்ணெய்க் கேனை எடு” என்றார். பாதிப் படி இறங்கிய பிறகுதான், யோசிக்காமலே தள்ளிவிட்டது சிகரெட்டை என்று அவருக்குப் புரிந்தது.

அன்றைக்கே வீட்டில் சொன்னார். “நிறுத்திப் பாக்கலாம்னு தோணுது. நர்ஸம்மாவும் படிப்படியாக் குறைக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஆனா நீ உள்ள இருக்கும்போது இல்ல. லீவுக்கு உங்க அக்கா வீட்ல இரு. நான் வந்து கூட்டிட்டு வரேன்.”

டீச்சர் அலமாரி மேலிருந்து பையை இறக்கினார். பிறகு துணி மடிக்கப் போனார்.

அந்த விடுமுறை முழுக்க வீட்டில் மெக்கானிக் ஒண்டியாக இருந்தார். மாத்திரை குறைந்து, ஒரு நாள் நின்றே போனது. தினமும் போனில் பேசினார்கள். “எப்பிடி இருக்கீங்க?” என்று டீச்சர் கேட்பார். “நிக்குது” என்பார், இல்லையென்றால் “இன்னைக்கு ஆட்டம் கண்டுச்சு” என்பார். ஆட்டம் கண்ட நாளில் டீச்சர் போனை வைக்காமல் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பார். இரண்டு பேருக்கும் பயம்தான். அதை யாரும் மூடி மறைக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிறதற்கு முன்னால் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். டீச்சர் பையோடு வெளியே வந்தார். பையை நீட்டவில்லை, தோளிலேயே வைத்திருந்தார்.

“பிடிக்குதா?”

“ஒரு நாள் கடை வாசல் வரைக்கும் போயிட்டேன். காசக்கூட எடுத்துட்டேன்” என்றார் மெக்கானிக். “வாங்கல. திரும்பி வந்துட்டேன். போன்ல சொல்ல வாய் வரல, நேர்ல சொல்லணும்னு இருந்தேன்.”

டீச்சர் அவர் விரலைப் பார்க்கவில்லை, சட்டையை மோந்து பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தார். உள்ளேயிருந்து அக்கா, “என்னடி, போறியா இல்லையா?” என்று குரல் கொடுத்தார்.

“போறேன்க்கா” என்று திரும்பிச் சொல்லிவிட்டு, பையைத் தோளிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தார் டீச்சர்.

“சரி, நடங்க” என்றார். “உங்க லிஃப்டுல நான் ஏறிக்கிறேன்.”