திரும்பி வந்த கையெழுத்து

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டிபன் கடை. அதன் மாடியில் ஒரு பங்குத் தரகரின் அறை. சனிக்கிழமை சந்தைக்கு விடுமுறை என்பதால் அந்த அறை எங்களுக்கு இலவசம். தொண்ணூறுகளின் நடுவில், நாடு கதவைத் திறந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் அங்கே உட்கார்ந்து, கண்ணால் பார்த்திராத ஒரு கம்பெனிக்காகத் தொண்டை வறளச் சண்டை போட்டிருக்கிறோம்.

நான் சித்தூர் வெல்ல மண்டியில் குமாஸ்தா. வாயும் கோபமும் கொஞ்சம் அதிகம். இரண்டாமவன் என் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த லைன்மேன், குப்பத்துக்குப் பக்கத்தில் குடுபல்லிக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவன் வம்சத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். மூன்றாமவர் திருப்பதியிலேயே இருந்த கணக்கு வாத்தியார். கோயில் சேவகம் பண்ணுகிற வைணவக் குடும்பத்தில் இவர் ஒருவர்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவர். மூவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: பெங்களூரில் இருந்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஷேர். முதன்முதலாக அது வெளியீட்டுக்கு வந்தபோது, என் பேச்சைக் கேட்டு மூன்று பேரும் விண்ணப்பம் போட்டோம்.

லைன்மேன் தன் பெயரில் போடவில்லை. "மொதமொத வாங்கற சொத்து நைனா பேர்லதாண்ணா. எங்கூட்டு வழக்கம் அது" என்றான். சொத்து என்று எதுவுமே வாங்கியிராத வீட்டில் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேலி செய்தேன். அவன் சிரித்தானே ஒழிய மாறவில்லை. அவன் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, எழுதத் தெரியாது. குப்பத்தில் நோட்டரி வக்கீல் முன்னால் அவரை நிறுத்தி, அவருடைய இடது கைப் பெருவிரலை நானே பிடித்து மையில் ஒற்றி விண்ணப்பத்தில் அழுத்தினேன். இருநூறு ஷேர் கிடைத்தது. அந்த விரலின் சொரசொரப்பு இன்னும் என் கையில் இருக்கிறது.

வாங்கியதோடு சரி, விலை ஒரே இடத்தில் சுருண்டு கிடந்தது. எனக்கு அது தாங்கவில்லை. ஆண்டறிக்கையை எழுத்தெழுத்தாகப் படித்தவன் நான். கடன் கிடையாது, லாபம் வருடா வருடம் ஏறுகிறது, கையில் ரொக்கம் இருக்கிறது. ஆனாலும் சந்தை அதைக் கண்டுகொள்ளவில்லை. வாத்தியார் சந்தையின் கட்சி.

"ஓய், சர்க்கரை மில்லுன்னா நாளைக்கு மூழ்கினாலும் மிஷினை வித்து நாலு காசு கொடுப்பான். இவன்கிட்ட இருக்கறது நாற்காலியும் பசங்களும்தான். சாயங்காலமானா பசங்க ஆத்துக்குப் போயிடுவா. அப்புறம் கம்பெனியில என்ன ஓய் இருக்கு?"

"காலைல திரும்பி வர்றாங்க இல்ல சாமி?" என்பேன் நான்.

"வேற எவனாவது கூட நூறு ரூபா கொடுத்தா அங்க போயிடுவா."

என் பக்கம் ஒரு சாட்சி இருந்தது. வாத்தியாரிடம் அது இல்லை. லைன்மேனின் நைனா அந்த வருடங்களில் குடுபல்லி ஆட்களோடு விடியற்கால ரயிலைப் பிடித்து பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மேஸ்திரி கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய இடம், சொன்னால் நம்பமாட்டீர்கள், அதே கம்பெனியின் கட்டடம். வாசல் பலகையில் இருந்த பெயரை யாரோ படித்துச் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. சித்தூருக்கு மகனைப் பார்க்க வரும்போதெல்லாம் எனக்கு நிலவரம் சொல்வார்.

"மூணாவது மாடி தளம் போட்டாச்சு, குமாஸ்தா சாரு. பக்கத்துல இன்னொண்ணுக்குக் குழி தோண்டிக்கினு கீறாங்க. இத்தவிடப் பெர்சு."

இதைவிட என்ன ஆண்டறிக்கை வேண்டும்? மும்பையில் உட்கார்ந்திருக்கும் பெரிய தலைகளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று தலைகால் புரியாமல் ஆடினேன். அவருக்கோ எல்லாம் வேடிக்கை. "எங் கம்பெனிலயே நின்னுக்கினு என்னியே திட்றாம்பா மேஸ்திரி. நாந்தான் ஓனருன்னு சொல்லிடலாமான்னு பாத்தேன். அப்புறம் கூலி குடுக்க மாட்டானோன்னு உட்டுட்டேன்" என்று சொல்லி, பொக்கை வாய் தெரியச் சிரிப்பார்.

அந்தத் தீபாவளிக்குக் குடுபல்லியில் ஒரு நிலம் விலைக்கு வந்தது. தொண்ணூறு சென்ட், கிணற்றோடு. நிலக்காரர் மகனோடு சென்னைக்குக் குடிபோவதாக இருந்தார். அதில்தான் லைன்மேனின் நைனா சிறு வயதிலிருந்து கூலிக்கு ஏர் ஓட்டியது, களை எடுத்தது, இரவில் தண்ணீர் கட்டியது. ஷேரை விற்று, சேமிப்பையும் போட்டால் வாங்கிவிடலாம்.

"உகாதி வரைக்கும் வேற யாருக்கும் குடுக்கலன்னு சொல்லிக்கீறாரு. நைனா ஒரு நாளாச்சும் அதுல சொந்தக்காரனா நிக்கணும்ணா. எனக்கு வேற எதுவும் வாணாம்" என்றான் லைன்மேன்.

வாத்தியார் உடனே, "வித்துடு. நிலம் கண்ணுக்குத் தெரியறது. இது தெரியறதா?" என்றார்.

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பொங்கல் வரை பொறு, இந்த விலைக்கு விற்பது தானம் செய்வது மாதிரி, சேமிப்பில் கை வைக்காமலேயே நிலம் வாங்கலாம் என்று இரண்டு மணி நேரம் பேசினேன். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். லைன்மேன் என் முகத்தையும் வாத்தியார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும் சாமி" என்றான். நான் ஜெயித்தேன். கீழே கடையில் எல்லோருக்கும் மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன்.

நான் சொன்னபடியே நடந்தது. பொங்கலுக்கு முந்தைய வாரம் விலை இரண்டு மடங்காகியிருந்தது. மண்டியில் வெல்லம் எடை போடுகிறவனிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். ஷேரை விற்பதற்கான மாற்றுப் படிவத்தை எடுத்துக்கொண்டு நானும் லைன்மேனும் குடுபல்லிக்குப் போனோம்.

தீபாவளிக்குப் பிறகு ஊரில் முதியவர்களுக்காகச் சாயங்கால வகுப்பு ஒன்று தொடங்கியிருந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது. படிவத்தை நீட்டி, பையிலிருந்து மைப்பெட்டியை எடுக்கப் போனேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டார்.

"மை எதுக்கு? பேனா குடு சாரு."

பாயில் குந்தி உட்கார்ந்து, தொடைமேல் பலகை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரைத் தெலுங்கில் எழுதினார். கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். எழுத்துகள் பெரியதும் சின்னதுமாக, கோட்டைத் தாண்டி ஓடின. தமிழில் கற்றுக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். "நெலத்துப் பத்திரம் பட்டா எல்லாம் மண்டல் ஆபீஸ்ல தெலுங்குலதான நடக்குது? அங்க போயி எழுதறதுக்குத்தான் கத்துக்கினேன்" என்றார். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. சாட்சிக் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். மைப்பெட்டியை மூடிப் பைக்குள் வைத்தேன்.

கம்பெனியின் பதிவேட்டில் இருப்பது பெருவிரல் ரேகை. அந்த விரலை அழுத்தியதே நான்தான். ஆண்டறிக்கையின் அடிக்குறிப்புவரை படித்த எனக்கு அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. இதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

உகாதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது காகிதங்கள் தரகர் அறைக்குத் திரும்பி வந்தன. கையொப்பம் ஒத்துப்போகவில்லை என்று ஒரு துண்டுச் சீட்டு. பழையபடி நோட்டரி முன்னால் ரேகை வைத்து அனுப்ப வேண்டும், அது சரியாகும்வரை காசு வராது. அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் படிவத்தை வாங்கித் தான் எழுதிய பெயரைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்:

"கண்ணு எரிய எரியக் கத்துக்கினது சாரு. டீச்சரம்மா எல்லார் முன்னாலயும் கை தட்டினாங்க. ரயில்ல எங்க ஆளுங்களுக்கு எழுதிக் காட்டிக்கீறேன். இப்பப் போயி மறுபடி மை தடவினா அவங்க என்ன கைநாட்டுன்னுதான சொல்வாங்க? நான் வைக்க மாட்டேன்."

"நெலம் போயிடும் நைனா" என்றான் மகன்.

"போனாப் போவுது. அது என்னிக்கு நம்மளுதா இருந்துச்சு?"

பத்து நாள் அப்படியே இருந்தார். ரயிலுக்குப் போனார், வந்தார், மகனோடு பேசவில்லை. பதினோராம் நாள் அவராகவே குப்பத்துக்குக் கிளம்பிவிட்டார். "எனக்கோசரம் இல்ல, எம் புள்ள மூஞ்சியப் பாக்க முடியல" என்று பஸ்ஸில் என்னிடம் மட்டும் சொன்னார். நோட்டரி நீட்டிய மைப்பெட்டியில் தானே விரலை வைத்தார். இந்தத் தடவை நான் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்து துண்டின் உள்பக்கத்தில் அந்த மையைத் துடைத்துத் துண்டை மடித்துக் கட்டிக்கொண்டார். வழியில் தெரிந்தவர்கள் யாரோ கூப்பிட்டபோது இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு பேசினார்.

காகிதம் போய்ச் சேர்ந்து காசு வர இரண்டு மாதம் ஆனது. நிலக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. உகாதி முடிந்தும் ஒரு வாரம் காத்திருந்தார். பிறகு பெங்களூர்க்காரர் ஒருவர் முழுப் பணத்தோடு வந்தார், கொடுத்துவிட்டார். அந்தக் கோடையிலேயே நிலத்தைச் சுற்றிக் கல் நட்டு முள்கம்பி வேலி போட்டார்கள்.

அடுத்த வருடம் லைன்மேனின் நைனா இறந்துபோனார். நெஞ்சில் சளி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசி மாதம் வரை ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வாத்தியாரும் திருப்பதியிலிருந்து வந்திருந்தார். சுடுகாட்டுக்கு அந்த நிலத்தின் வரப்பில்தான் எப்போதும் போவார்களாம். வேலி இருந்ததால் ஏரிக்கரை வழியாகச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனோம். வெயிலில் நடக்க முடியாமல் மூன்று இடத்தில் இறக்கி வைத்தோம். ஒவ்வொரு தடவையும் லைன்மேன் வேலிக்குள்ளே பார்த்தான்.

வாத்தியார் அன்று என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அன்றே விற்கச் சொன்னேனே என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் அதற்காகக் காத்திருந்தேன், சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மனிதர் என் தோளில் கை வைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு நாங்கள் அந்த மாடி அறைக்குப் போகவில்லை.

லைன்மேன் சில வருடம் கழித்து வேலையை மாற்றிக்கொண்டு பெங்களூருக்கே போய்விட்டான். போகும்முன் என் வீட்டுக்கு வந்தான். அந்த ஷேரின் விலை அப்போது எங்கேயோ ஏறிப் போயிருந்தது. "நீ சொன்னது சரியாத்தாண்ணா இருந்துச்சு. அது நெஜமாவே பெரிய கம்பெனியாயிடுச்சு" என்றான். குத்திக் காட்டவில்லை. அவனுக்கு அது வராது. அதனால்தான் எனக்கு வலித்தது.

என் ஷேர்களை நான் விற்காமல் வைத்திருந்தேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிற இந்த வீடு அதில் கட்டியதுதான். கிரகப் பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என் புத்திசாலித்தனத்தைப் புகழ்ந்தார்கள்.

விடைபெற வந்த அன்று லைன்மேன் ஒரு உறையைக் கொடுத்துவிட்டுப் போனான். "இத்த நீயே வெச்சுக்கண்ணா. எனக்குப் பாக்க முடியல." உள்ளே திரும்பி வந்த அந்த மாற்றுப் படிவம் இருந்தது. மண்டல் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போடும் வேலை அவன் நைனாவுக்குக் கடைசிவரை வரவில்லை. வகுப்புச் சிலேட்டையும் ரயிலில் எழுதிக் காட்டியதையும் விட்டால், அவர் தன் வாழ்நாளில் கையெழுத்துப் போட்ட காகிதம் அது ஒன்றுதான். கோட்டைத் தாண்டி ஓடும் அந்தப் பெயருக்குக் கீழே, சாட்சி என்ற இடத்தில், என் கையெழுத்து இருக்கிறது.