நாற்பத்தெட்டு நாள் மாத்திரை விரதம்

நோய் தீர்ந்ததற்கு நன்றி சொல்வதற்காக, நோயைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தியவர் சாமுண்டீஸ்வரி. இதில் முரண் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

வயது ஐம்பத்தெட்டு. செங்காங்கிலிருந்து நகரத்துக்குப் போகும் இரட்டைமாடிப் பேருந்தின் ஓட்டுநர். முந்தின வருஷம் இடது மார்பில் கட்டி, அறுவை, கதிர்வீச்சு. எல்லாம் முடிந்தபின் ஐந்து வருஷத்துக்குத் தினம் ஒரு மாத்திரை. உடம்பில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனை அது அடக்கும். அந்த ஹார்மோனைத் தின்று வளரும் வகைப் புற்றுநோய் பட்டினி கிடக்கும். மூட்டு வலிக்கும், உடம்பு திடீரென்று கொதிக்கும் என்று டாக்டர் அஃப்னா முதலிலேயே சொல்லியிருந்தார். சாமுண்டீஸ்வரியும் தலையாட்டியிருந்தார். ஆனால் காலையில் விரல்கள் மடங்க ஒரு மணி நேரம் ஆகும் என்பது தலையாட்டியபோது தெரியாது. ஏர்கான் போட்ட பேருந்தில் அவருக்கு மட்டும் வியர்த்து ஊற்றியது.

அறுவைக்கு முன் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார்: பிழைத்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை வெறுங்கால் நடை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, வழியிலிருக்கும் டோபி காட் வரைக்கும்கூடப் போக முடியாது. ஆகவே நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கிய அன்றே மீனோடு சேர்த்து மாத்திரையையும் விட்டார். மூன்றாம் வாரத்தில் வலி இறங்கியது. பெருமை முழுவதும் முருகனுக்குப் போனது.

தைப்பூசத்தன்று துண்டும் தண்ணீர்ப் போத்தலுமாகக் கூடவே நடந்தவர் கணவர் ரகுபதி. கோவில் வாசலோடு நின்றுகொள்ளும் நாத்திகர். மறுநாள் இழுப்பறையில் பிரிக்காத மாத்திரை அட்டைகளைக் கண்டார். சத்தம் போடவில்லை. கிளினிக்குக்கு போன் செய்து அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கினார்.

"நீ சாமிய நம்புற, நான் நம்பல. பயம் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான்" என்றார்.

அந்த வாரம் முழுக்க, சிவப்பு விளக்கில் நின்றபோதெல்லாம் சாமுண்டீஸ்வரியின் கை அக்குளைத் தடவிப் பார்த்தது. தானே நோயைத் திரும்ப அழைத்துவிட்டோமோ என்ற ஒரே கேள்விதான்.

அஃப்னா பரிசோதித்துவிட்டு, கட்டி எதுவும் தட்டுப்படவில்லை என்றார். ஐந்து வருஷத்தில் ஐம்பது சொச்சம் நாள் பெரிய ஓட்டையில்லை. சொல்லாமல் விட்டதுதான் தப்பு. பிறகு கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினார். சாமுண்டீஸ்வரியைப் போன்ற நூறு பேர் மாத்திரை இல்லாமல் இருந்தால், பத்து வருஷத்தில் பதினாலு பேருக்கு நோய் திரும்பலாம். சாப்பிட்டால் எட்டுப் பேருக்கு.

"அப்ப எண்பத்தாறு பேர் சும்மாவே வலியத் தாங்குறாங்களா டாக்டர்?"

"ஆமாக்கா, சும்மாதான். அது யார் யாருன்னு தெரிஞ்சா நானே நிறுத்தச் சொல்லிருவேன்."

இப்படி நேர்மையாகப் பதில் வருமென்று அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். நூறு பேர் என்றால் காலை நேரத்தில் அவருடைய பேருந்து. பதினாலில் எட்டு போக மாத்திரை காப்பாற்றும் அந்த ஆறு பேர், ஒரு நிறுத்தத்தில் காத்திருப்பவர்களைப் போல. அவர்களுக்காகக் கதவைத் திறக்காமல் அவர் ஒருநாளும் போனதில்லை.

"சாப்பிடுறேன். ஆனா இந்த விரலோட ஸ்டியரிங் பிடிக்க முடியாது."

அதற்கு வழி இருக்கிறது என்றார் அஃப்னா. அதே வேலையைச் செய்யும் இன்னொரு மாத்திரை. சிலருக்கு அது ஒத்துப்போகும். போகாவிட்டால் வேறு வகை. எலும்பு அடர்த்திக்கும் ஒரு சோதனை. மூன்று மாதத்தில் வந்து உள்ளதைச் சொல்ல வேண்டும், வலித்தாலும் நிறுத்தினாலும்.

வெளியே உட்கார்ந்திருந்த ரகுபதிக்கு மனைவியின் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்தது. இருந்தும் இரண்டு முறை கேட்டார்.

மே மாத மேமோகிராம் சுத்தமாக வந்தது. புது மாத்திரையில் விரல்கள் காலையில் பத்து நிமிஷம்தான் முரண்டு பிடிக்கின்றன. வியர்வை மட்டும் அப்படியே இருக்கிறது. "பத்து நிமிஷம்னா ஓட்டிரலாம் லா" என்று அஃப்னாவிடம் சொல்லி, அடுத்த மூன்று மாதத்துக்கான மருந்துச் சீட்டைச் சாமுண்டீஸ்வரியே கேட்டு வாங்கிக்கொண்டார்.