அங்கேயும் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆகும்

"நல்லா சில்லுன்னுதான மேடம் இருக்குது? இதுல இன்னா ரிப்பேரு?" என்று தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்குள் முழங்கை வரை கையை விட்டபடி அவர் கேட்டார். மெக்கானிக்கை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். மேல்பக்கம் மூடி திறக்கும் பெட்டி மாதிரியான ஃப்ரிட்ஜ் அது. கொரோனா தடுப்பூசி அலைச்சல் ஓய்ந்து, நாங்கள் எல்லாரும் மறுபடி ஒழுங்காக மதியச் சோறு சாப்பிடத் தொடங்கியிருந்த நேரம். கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். அன்று காலை ஃப்ரிட்ஜைத் திறந்தபோது, உள்ளே இருந்த வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே ஒரு டிகிரி காட்டியது. மருந்தை எல்லாம் ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டு மாவட்டச் சுகாதாரத் துறை மெக்கானிக்குக்கு போன் செய்தேன். அவர் வேறொரு மூலையில் இருந்தார். வர சாயங்காலம் ஆகும், பக்கத்தில் யாராவது தெரிந்த ஆள் இருந்தால் கூப்பிடுங்கள், போனிலேயே சொல்லிக் கொடுக்கிறேன் என்றார். கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை வைத்து, ஜூஸ் கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் ஃப்ரிட்ஜ் பார்த்துக் கொடுக்கும் இவரை எங்கள் வாட்ச்மேன்தான் அழைத்து வந்தார்.

சில்லென்று இருப்பதுதான் ரிப்பேர் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. இரண்டு டிகிரிக்குக் குறையவும் கூடாது, எட்டுக்கு மேலே போகவும் கூடாது. சில தடுப்பூசிகள் ஒரு தடவை உறைந்துபோனால் முடிந்தது. பாட்டில் பார்க்க அப்படியே இருக்கும். ஊசி போடும் நர்ஸுக்குத் தெரியாது, குழந்தையைத் தூக்கிவந்த அம்மாவுக்கும் தெரியாது. குழந்தை ஊசி குத்தி அழும், ராத்திரி முழுக்கச் சிணுங்கும், ஆனால் நோயைத் தடுக்கிற சக்தி மட்டும் உடம்பில் சேராது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டார். "ஜூஸ் கடைல சில்லுன்னு இருந்தா சந்தோஷப்படுவாங்க. இங்க சில்லுன்னு இருந்தா கொழந்தைக்கு ஆபத்து. நான் இத்தினி நாளு ஃப்ரிட்ஜுன்னா ஒண்ணுதான்னு நெனச்சிக்கினு இருந்தேன் மேடம்" என்றார்.

ஒரு கையில் போனையும் மறு கையில் ஸ்க்ரூ டிரைவரையும் வைத்துக்கொண்டு, மாவட்ட மெக்கானிக் சொல்லச் சொல்ல அவர் அதைச் சரி செய்தார். குளிரைக் கட்டுப்படுத்தும் சின்னக் கருவி ஒன்று வேலை செய்யாமல் நின்றிருந்தது. பகல் இரண்டரை மணிக்கு வேலை முடிந்தது. சந்தேகப்பட்ட பாட்டில்களை நான் ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்த பிறகும் அவர் கிளம்பவில்லை. வெப்பமானி நான்கில் வந்து நிற்கும் வரை பக்கத்திலேயே நின்றார். மறுநாள் யாரும் கூப்பிடாமலே பைக்கில் வந்து, "நாலுதான காட்டுது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கு அடுத்த வாரமும் வந்தார்.

அப்படி வந்த ஒரு மதியத்தில்தான் என் ரகசியம் அவரிடம் மாட்டியது. எனக்கு யாருக்கும் சொல்லாத ஒரு பழக்கம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் போனில், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் சுகாதார வேலைக்கு ஆள் தேடும் பக்கங்களைப் பார்ப்பேன். மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை, தடுப்பூசி முகாமுக்குத் தொண்டர் தேவை என்று போட்டிருப்பார்கள். படிப்பேன், சேமித்து வைப்பேன், மூடிவிடுவேன். பத்து வருடங்களுக்கு மேலாக இதைச் செய்துகொண்டிருந்தேன். ஒரு விண்ணப்பம்கூடப் போட்டதில்லை. மெக்கானிக் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, ஃப்ரிட்ஜ் படம் போட்டிருந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னா மேடம் அது?"

"ஆப்பிரிக்காவுல தடுப்பூசி வேலைக்கு ஆள் கேக்குறாங்க."

"நீங்க போறீங்களா?"

"இல்லங்க. சும்மா பாக்குறேன். இதெல்லாம் பெரிய டாக்டருங்களுக்கு, மேல்படிப்பு படிச்சவங்களுக்கு."

அவர் போனை வாங்கி அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "அங்கயும் ஃப்ரிட்ஜு ரிப்பேர் ஆவும் தான மேடம்? டாக்டரா வந்து ஸ்க்ரூ கழட்டுவாரு?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு, ஐடிஐ சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார். என் கணவர் டீ போட்டுக் கொடுக்க, நாங்கள் நான்கு பேரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். அன்றுதான் நானும் அந்தப் பக்கங்களை முதல்முறையாக முழுதாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை 'முதுகலைப் பட்டம்' என்ற வரியைப் பார்த்ததும் மூடிவிடுவேன். இப்போது இன்னொருவருக்காகப் படித்ததால் கடைசி வரி வரை போனேன். தண்ணீர்க் குழாய் போடத் தெரிந்தவர், எலக்ட்ரீஷியன், லாரி ஓட்டுநர், கிடங்கு பார்ப்பவர், குளிர்சாதன மெக்கானிக் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். உலக சுகாதாரம் என்ற பெரிய சொல்லுக்குள் இத்தனை பேருக்கு இடம் இருந்தது. அதைப் பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.

மெக்கானிக் மும்முரமாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாமல் இருந்த அவர் மனைவி என்னைப் பார்த்தார். கோபமாகப் பேசவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"யக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இவ்ளோ நல்ல வேலைன்னா, படிச்ச நீங்க ஏன் போவல? நீங்க போவாம இவர ஏன் அனுப்புறீங்க?"

வீட்டுக்காரியாக நான்தான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அரசு வேலை, மாமியார் உடம்பு, மகளின் பன்னிரண்டாம் வகுப்பு என்று என்னிடம் காரணங்கள் இருந்தன. எல்லாமே உண்மைதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கும் வீடு இருந்தது, இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், அவர் கணவருக்கும் தொழில் இருந்தது. என் காரணங்களை அவர் முன்னால் எடுத்து வைக்காமல், காலி டீ டம்ளர்களை எடுத்து அடுக்கினேன். மெக்கானிக்தான், "மேடம் அனுப்பலம்மே, நானா போறேன்" என்று பேச்சை முடித்து வைத்தார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவுமில்லை.

பாஸ்போர்ட்டுக்காக மெக்கானிக் விழுப்புரத்துக்கு மூன்று தடவை போனார். அப்பா பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தது. "செம பேஜாரு மேடம்" என்பார், ஆனால் அடுத்த தேதிக்குச் சரியாகக் கிளம்பிவிடுவார். விண்ணப்பம் போட்டோம். இரண்டு மாதம் கழித்து வீடியோவில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். கேமராவில் படாமல் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் கேள்விக்கே அவர் உறைந்துபோனார். அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமில்லை, ஆங்கிலம்தான் தொண்டையில் நின்றது. நான் மெல்லச் சொல்லிக் கொடுக்க, அவர் அதைத் திருப்பிச் சொன்னார். திரையிலிருந்த அம்மாள் மரியாதையாகத்தான் சொன்னார், நாங்கள் இவர் பேசுவதைக் கேட்க விரும்புகிறோம் என்று. எனக்கு முகம் சுட்டது.

பதில் மின்னஞ்சலை நான் ஆஸ்பத்திரியில் வைத்து அவருக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் ஆர்வம் நன்றாக இருக்கிறது, அடுத்த முறை பார்க்கலாம் என்கிறார்கள் என்று சொன்னேன். அவர் கையை நீட்டி என்னை நிறுத்தினார். "மேடம், நல்ல வார்த்தையா மாத்திச் சொல்லாதீங்க. இன்னா போட்டிருக்குதோ அதையே சொல்லுங்க." அப்படியே சொன்னேன். களத்தில் தனியாக வேலை செய்யும் அளவுக்கு மொழித்திறன் இல்லாததால் தேர்வு செய்ய இயலவில்லை. அதன் கீழே, நான் விட்டுவிட இருந்த இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. பயணம் செய்ய முடியாதவர்கள், தொலைவில் இருந்தபடியே, பல நாடுகளின் சுகாதார நிலையங்களில் இருந்து வரும் பழுதுக் கேள்விகளுக்கு போனில் பதில் சொல்லும் தொண்டர்களாகச் சேரலாம்.

"அது போதும்" என்றார். "இங்கிலீசு வரலன்னாங்க. அத இந்த போன் வேலைலயே கத்துக்கறேன்."

கற்றுக்கொள்ளவும் செய்தார். ஜங்ஷனில் ஏதாவதொரு கடை ஃப்ரிட்ஜைக் கழற்றிப் போட்டு, பார்க்க வேண்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் அம்புக்குறி போட்டு, அதைப் படம் எடுத்து அனுப்புவார். ஆரம்பத்தில் படம் மட்டும்தான். பிறகு ஒவ்வொரு சொல்லாகக் குரலும் சேர்ந்தது. "பஸ்ட் செக் பிளக். செகண்ட் செக் ஸ்டெபிலைசர். நோ ஹர்ரி, சிஸ்டர்." பெயர் தெரியாத ஊர்களின் நர்ஸுகள் அவருக்கு நன்றி சொல்லி அனுப்பும் குரல்களை என்னிடம் போட்டுக் காட்டுவார். புரியாத உச்சரிப்பை நாங்கள் இருவரும் நாலைந்து தடவை கேட்போம். என் ஆங்கிலமும் அப்போதுதான் வாயைத் திறந்தது. ஒரு வருடம் முழுக்க, ஒரு வாரம்கூட விடாமல் செய்தார். கடை வேலைகளுக்கு வரும் போன்களை எடுத்து, எங்கே எந்த நேரம் என்று எழுதி வைக்கும் வேலையை அவர் மனைவி எடுத்துக்கொண்டார். பிறகு கணவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, சின்னச் சின்ன ரிப்பேரைத் தானே போய்ச் செய்யவும் ஆரம்பித்தார்.

மறுபடி விண்ணப்பம் போட்டு வந்த இரண்டாவது நேர்முகத்துக்கு நான் போகவில்லை. கூப்பிட்டார், வேண்டாம் என்றேன். கூட்டேரிப்பட்டில் தன் கடையிலேயே உட்கார்ந்து, பின்னால் லாரி ஹாரன் அடிக்க அடிக்கப் பேசியிருக்கிறார். கேள்வி கேட்டவர்களில் ஒருவர் ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவி நாட்டுக்காரர், ஒரு வருடமாக இவர் அனுப்பிய அம்புக்குறிப் படங்களை அங்கே இருந்து பார்த்தவர். மலாவியில் ஆறு மாத வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கிளம்பிய நாளில் ஜங்ஷனில் பஸ் ஏற்றிவிட நானும் போயிருந்தேன். மனைவி அழவில்லை. "மொத நாளே போன் பண்ணு, ஜல்தி போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார். பஸ் நகர்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

மலாவியில் இருந்து அவர் அனுப்பிய குரல் செய்திகள் இன்னும் என் போனில் இருக்கின்றன. "இங்க களி திங்கிறாங்க மேடம், நம்ம கேப்பைக் களி மாதிரியேதான், இவுங்க மக்காச்சோளத்துல கிண்டுறாங்க. நெலத்துல மல்லாட்டையும், அதான் வேர்க்கடல, போடுறாங்க. நம்ம ஊரு கொல்லைக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்குது." ஒரு சுகாதார நிலையத்தில், சூரிய ஒளியில் ஓடும் ஃப்ரிட்ஜ் குளிரவே இல்லையாம். இரண்டு தடவை யாரோ வந்து பாகங்களை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. இவர் ஒரு நாள் முழுக்க வெளியே நின்று பார்த்திருக்கிறார். "மிஷின்ல ஒண்ணுமே இல்ல மேடம். மாமரம் வளந்துபோயி, மதியத்துக்கு மேல பேனலு மேல நெழல் கட்டுது. ஊர்ப் பெரியவர்கிட்ட போயி, ஒரு கெளைய மட்டும் வெட்டிக்கலாமான்னு கேட்டேன். பழம் காய்க்கிற கெளையாச்சேன்னு யோசிச்சாரு. கொழந்தைங்க ஊசின்னு சொன்னேன், அவரே அரிவாள எடுத்தாரு." அதைக் கேட்டபோது நான் மருந்துக் கவுண்டரில் நின்றிருந்தேன். முன்னால் வரிசை இருந்தது. மாத்திரையை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, இனிமேல் அந்த வேலைப் பக்கங்களைச் சேமித்து வைத்து மூடக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

அவர் திரும்பி வந்து, நான்கு மாதம் வீட்டிலிருந்துவிட்டு, மறுபடியும் போயிருக்கிறார். இந்தத் தடவை மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. கூட்டேரிப்பட்டுக் கடையை மனைவிதான் நடத்துகிறார். நானும் ஒரு வருடமாக, தொலைவில் இருந்தபடி, சிறிய சுகாதார நிலையங்கள் மருந்து தீர்ந்துபோகாதபடி இருப்பைக் கணித்து வைப்பதற்கு உதவும் தொண்டு வேலையைச் செய்கிறேன். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். மாமியாரைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனார் வந்திருக்கத் தயாராக இருக்கிறார். கேட்ட அன்றே சரி என்றார். இத்தனை வருடம் நான் கேட்கவே இல்லை என்பதுதான் விஷயம். இரண்டு மாதத்துக்கு முன்னால், நான் விண்ணப்பித்திருந்த ஒரு தொண்டு நிறுவனத்திடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று மாதம், வெளிநாட்டில் மருந்துக் கிடங்கு வேலை. அரசு ஊழியர் என்பதால் துறையின் அனுமதி வேண்டும்.

எங்கள் மருத்துவ அலுவலர் இளைஞர், நல்லவர். விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் பல வருஷம் இருக்கு. இப்ப இதெல்லாம் எதுக்கு மேடம்? ஃபைலு எங்கெங்கயோ சுத்தும், கெடைக்காமலும் போலாம்."

"போகணும் சார்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். கோப்பு இப்போது விழுப்புரத்தில் மாவட்ட அலுவலகத்தில், மூன்றாவது மேசையில் இருக்கிறது. நான்கு திங்கட்கிழமைகள், பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுவிட்டேன். ஒரு தடவை ஒரு தாள் குறைகிறது என்றார்கள், மறுவாரம் அதைக் கொடுத்தேன். அந்த மேசையில் இருப்பவருக்கு இப்போது என் முகம் தெரியும், என்னைக் கண்டதும் தானே கோப்புக் கட்டைப் பிரித்துத் தேடுகிறார். நாளை திங்கட்கிழமை. திண்டிவனத்திலிருந்து எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் அலுவலகம் திறக்கும்போது வாசலில் இருக்கலாம்.