மூன்று மணி நேரம் மேஜையில் இருந்த ரத்தம்

எம்.எஸ்சி. முடித்த கையோடு கோவையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் ஒரு வருடப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மருத்துவ ஆராய்ச்சியில் பிஎச்.டி. செய்ய நினைப்பவர்களுக்கு ஆய்வகத்தில் கை பழக்கிக்கொடுக்கும் பயிற்சி அது. அந்த வருடம் இரண்டே பேர்தான். நானும், உக்கடத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒருவரும். அவருடைய அப்பா பழைய இரும்பு வியாபாரி. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். நான் சரவணம்பட்டியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். வருடக் கடைசிக்குள் பிஎச்.டி. இடம் கிடைக்காவிட்டால் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதாக ஏற்பாடு. அவரைக் கடையில் உட்கார வைப்பதாக ஏற்பாடு. இதை நாங்கள் ஒருவருக்கொருவர் ஒரே ஒரு முறைதான் சொல்லிக்கொண்டோம்.

சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் கொழுப்பு எந்த அளவுக்குச் சிதைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ரத்தத்தை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றவிட்டு, மேலே தெளிந்து நிற்பதை எடுத்து, ஒரு ரசாயனம் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். சிதைவு கூடக்கூட நிறமும் அடர்ந்துகொண்டே போகும். எட்டு மாதமாக நோயாளிகளின் குழாய்கள் ரோஜா நிறத்திலும், நோயில்லாதவர்களின் குழாய்கள் வெளிறியும் வந்துகொண்டிருந்தன. வித்தியாசத்தைப் பார்க்கக் கருவியே வேண்டாம், கண்ணே போதும். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த மேடம் இந்த முடிவைச் சுருக்கி, எங்கள் இருவர் பெயரையும் சேர்த்து, சென்னையில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டுக்கு அனுப்பியிருந்தார். பெங்களூரில் பிஎச்.டி. இன்டர்வியூவுக்கும் இரண்டு பேருக்குமே அழைப்பு வந்துவிட்டது.

இன்டர்வியூவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, ரத்தம் கொடுக்க வருவதாகச் சொன்ன கல்லூரி மாணவி வரவில்லை. ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் அக்கா, ஆளுக்கு எங்கே போவது என்று என் கையிலேயே எடுத்துவிட்டார். எனக்குத்தான் சர்க்கரை இல்லையே. குழாயை மேஜையில் வைத்த நேரத்தில் மேடம் கூப்பிட்டார். இன்டர்வியூவுக்கு ஒத்திகை பார்க்க வேண்டுமாம். கேள்வி மேல் கேள்வி கேட்டு அவர் என்னை விடும்போது மதியமாகிவிட்டது. திரும்பி வந்துதான் என் ரத்தத்தைச் சுற்றவிட்டேன்.

கொதிநீரிலிருந்து எடுத்தபோது என் குழாய் நல்ல ரோஜா நிறத்தில் இருந்தது.

இருபத்திரண்டு வயதில் எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அத்தைக்கு இருந்தது. அன்று பஸ்ஸில் போகும்போது பாதம் மரத்திருக்கிறதா என்று செருப்பைக் கழற்றிவிட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். மறுநாள் வெறும் வயிற்றில் வந்து அந்த அக்காவிடம் கையை நீட்டினேன்.

"சுகரெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. எண்பத்தஞ்சுதான் இருக்குது" என்று சீட்டைக் கொடுத்தார். "எதுக்கு இப்படி வேர்க்குது உனக்கு?"

நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்த நிம்மதி கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. எனக்கு நோய் இல்லை என்றால் அந்த நிறம் எங்கிருந்து வந்தது? என் ரத்தம் மூன்று மணி நேரம் மேஜையில் இருந்தது, அது ஒன்றுதான் வித்தியாசம். வார்டில் நோயாளிகளுக்குக் காலை ஆறு மணிக்கே ரத்தம் எடுத்துவிடுவார்கள். அது தட்டிலேயே இருந்து, டாக்டர்கள் வந்துபோன பிறகு, ஒன்பது மணிக்கு மேல் எங்களிடம் வரும். நோயில்லாதவர்களுக்கு எங்கள் அறையிலேயே எடுத்து உடனே சுற்றவிடுவோம். எட்டு மாதம் தினமும் அந்தக் குழாய்களைக் கை நீட்டி வாங்கியது நான்தான்.

உக்கடத்துக்காரரிடம் சொன்னேன். அவர் தன் சட்டைக் கையை மடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா எங்கள் இருவரிடமும் இரண்டிரண்டு குழாய் ரத்தம் எடுத்தார். ஆளுக்கு ஒன்றை உடனே சுற்றவிட்டோம். மற்றதைப் பதினொரு மணிவரை மேஜையிலேயே விட்டுவிட்டோம். பன்னிரண்டு மணிக்கு மேல் நான்கு குழாய்களும் எதிரே நின்றன. உடனே சுற்றவிட்ட இரண்டும் வெளிறியவை, மேஜையில் இருந்த இரண்டும் ரோஜா நிறம்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இன்டர்வியூ முடியட்டுங்க. அப்புறமா மேடத்துகிட்டச் சொல்லிக்கலாம்" என்றார். "பொய் சொல்லச் சொல்லலீங்க. ஒரு பன்னெண்டு நாள் பொறுங்கன்னுதான் சொல்றேன்."

"அங்க போயி இந்த முடிவச் சொல்லுவீங்களா?"

"கேட்டாத்தானுங்க சொல்லோணும்."

"கேக்காம உடுவாங்களா?"

அவர் சைக்கிள் சாவியை எடுத்தார். "தொழுகைக்கு நேரமாச்சுங்க. நாளைக்குக் காலைல பேசிக்கலாம். நானும் யோசிச்சுட்டு வாரேன்."

நானும் சரி என்றேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன அரை மணி நேரத்தில் மேடம் அறை வாசலில் நின்றேன். நேர்மை என்று அதற்குப் பெயர் வைக்க மாட்டேன். நாளைவரை பொறுத்தால் அவர் சொன்னதற்கே நானும் ஒத்துக்கொண்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

நான் சொன்னதை மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். "எத்தனை தடவை பண்ணின?"

"ஒரு தடவைங்க மேடம். ரெண்டு பேரோட ரத்தத்துல."

"ஒரு தடவை பண்ணிட்டு எட்டு மாச வேலை தப்புன்னு சொல்ல வந்துட்டியா அம்மணி?" குரலை அவர் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. "ஆறு பேர்கிட்ட எடு. மறுபடி பண்ணு. திங்கட்கிழமை பார்க்கலாம். அதுவரைக்கும் வெளிய யார்கிட்டயும் பேசாத."

தொழுகை முடிந்து வந்தவரை மேடமே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். உக்கடத்துக்காரர் அந்த அறையிலிருந்து நேராக என் மேஜைக்கு வந்தார்.

"நாளைக்குப் பேசிக்கலாம்னு சொன்னனுங்க. நீங்களும் சரின்னீங்க."

நான் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினேன்.

"ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமுங்களே. நானும் கூட வந்திருப்பனோ என்னமோ. இப்ப மேடம் முன்னால நான் மறைக்கப் பார்த்தவனாட்ட நிக்கறேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை செய்தோம். "பிப்பெட் குடுங்க", "டைம் சொல்லுங்க" என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. ஆறு பேர் ரத்தமும் அதே கதைதான் சொன்னது.

திங்கட்கிழமை மேடம் எண்களை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தார். "வார்டுல எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"நானும் கேக்கலை" என்றார். மாநாட்டுக்கு அனுப்பியதைத் திரும்பப் பெறுவதாக எங்கள் எதிரிலேயே கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டினார். அதன் பிறகு பல நாட்கள் வேலை தவிர வேறெதுவும் எங்களிடம் பேசவில்லை.

இன்டர்வியூவுக்குள் முடிந்தவரை புது ரத்தம் எடுக்க வேண்டும் என்று முடிவானது. காலை ஆறு மணிக்கு ஐஸ் பெட்டியோடு நானும் அக்காவும் வார்டுக்குப் போனோம். முன்பு ரத்தம் கொடுத்த ஒரு அம்மா மறுபடியும் சேர்ந்திருந்தார். கால் விரல் ஒன்றை எடுத்திருந்தார்கள்.

"ஏனுங் கண்ணு, போன தடவ எடுத்தீங்களே, அந்த ரத்தம் என்னாச்சு?"

"அது கெட்டுப்போச்சுங்க" என்றேன். "நாங்க நேரத்துக்கு எடுத்து வெக்கலீங்க. எங்க தப்புதானுங்க."

"அப்ப வேண்டாமுங் கண்ணு. வேற ஆருகிட்டயாவது எடுத்துக்கோங்க." கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு, கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். மேடத்தின் முன் நின்றபோது வராத அழுகை அங்கே வந்தது. அக்கா தள்ளுவண்டியை அடுத்த கட்டிலுக்கு நகர்த்தினார்.

பெங்களூரில் முதலில் உக்கடத்துக்காரரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர் நாற்பது நிமிடம் வரவில்லை. நடந்ததையெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார். தப்பை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அடுத்து என்ன செய்தீர்கள் என்று அவர்களும் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள். என் முறை வந்தபோது அதைப் பற்றிப் பேச ஒன்றும் மிச்சமில்லை. நொதிகள் பற்றி ஒரு அடிப்படைக் கேள்வி கேட்டார்கள். பி.எஸ்சி. பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். தெரியும், தெரியும் என்று மனம் சொல்கிறது, ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.

அவருக்கு இடம் கிடைத்தது. எனக்கு இல்லை.

"கண்டுபிடிச்சது நீங்கன்னு உள்ள சொன்னனுங்க" என்றார், ரயிலில் திரும்பும்போது.

அவர் கிளம்பும் நாளன்று ஸ்டேஷனுக்குப் போனேன். "அன்னிக்கு நான் உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போயிருக்கோணும்" என்றேன்.

"ஆமாங்க. சொல்லியிருக்கோணும்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, "நொதி பாடத்தை நல்லாப் பாத்துட்டுப் போங்க அடுத்த தடவை" என்றார்.

மேடம் எனக்கு இன்னும் ஆறு மாதம் பயிற்சியை நீட்டித் தந்தார். வீட்டில் எப்படியோ சம்மதிக்க வைத்தேன். ஒழுங்காக எடுத்த ரத்தத்திலும் வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. ஆனால் சொற்பம். எதையும் அடித்துச் சொல்ல முடியாத அளவு. அடுத்த வருடம் ஹைதராபாத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில், குழாய் கொண்டுவந்து கொடுத்தவரிடம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வார்டு எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு படியிறங்கினேன்.